செவிலியருக்குத் தத்துவம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். 'செவிலியத் தத்துவம்' என்ற தலைப்பு வந்ததும் வகுப்பு களைத்துப்போகும். பரீட்சைக்கு நாலு வரி மனப்பாடம் செய்வார்கள், அதோடு சரி. ஆனால் அதே பிள்ளைகள் வார்டுக்குப் போய்விட்டு வந்து கேட்கும் கேள்விகளில் பாதி தத்துவக் கேள்விகள்தான். அவற்றில் அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊசி போடவும் பி.பி. பார்க்கவும் தெரிந்தால் போதாதா? இதில் தத்துவம் எங்கே வருகிறது?

படுக்கைப் புண்ணிலிருந்து தொடங்குகிறேன். புண் வெடிப்பதற்கு முந்தைய முதல் நிலையைப் பாடப்புத்தகம் இப்படிச் சொல்லும்: எலும்பு துருத்திய இடத்தில் தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. கூடவே ஒரு படம் இருக்கும். படத்தில் இருப்பது வெளுத்த தோல். நம் வார்டில் படுத்திருப்பவரோ வயலில் வெயில் குடித்த கறுத்த உடம்புக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தாலும் அவர் முதுகில் சிவப்பு தெரியாது. மாணவி பார்க்கிறாள், 'தோல் நார்மல்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். பின்னால் வரும் மூத்த சிஸ்டர் பேசாமல் புறங்கையை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார். பக்கத்துத் தோலைவிட அங்கே சூடு அதிகம். விரல் நுனியால் தடவினால் உள்ளே லேசாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. "இங்கே புண் வரப்போகுதும்மா, இனி இந்தப் பக்கம் சாய்க்காதே" என்கிறார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் புத்தகம் யாருடைய தோலைப் பார்த்து எழுதப்பட்டது? கண் பார்த்தது மட்டும்தான் சான்றா, கை உணர்ந்ததும் சான்றா? மாணவி எழுதிய 'நார்மல்' என்ற சொல் யாரை அளவுகோலாக வைத்த சொல்? இவையெல்லாம் தத்துவக் கேள்விகள். பதில் தெரியாவிட்டால் ஒருவருக்குப் புண் வரும். அவ்வளவு நேரடியான தொடர்பு இது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் இப்படித்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைவாக இருந்தும் கருவி நல்ல எண்ணையே காட்டுவது, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடந்திருக்கிறது என்று அமெரிக்காவில் 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. எண் என்பது ஒரு கருவி சொல்லும் செய்தி. நோயாளியின் உதடும் மூச்சும் சொல்லும் செய்தி வேறாக இருந்தால் எதை நம்புவது என்று நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும்.

தத்துவம் என்றால் ஆன்மிகம், பொன்மொழி மாதிரியா?

இல்லை. இங்கே தத்துவம் என்பது மூன்று கேள்விகளை விடாமல் கேட்பது. எனக்கு இது தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? நான் செய்வது சரியா? என் முன்னால் படுத்திருப்பவர் யார்? கல்லூரிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 'எங்கள் தத்துவம்' என்ற வாசகங்கள் ஒரு நிறுவனத்தின் கொள்கை. அதையும் தத்துவம் என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

நர்சிங் அறிவியலா, கலையா?

இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் தந்தவர் பார்பரா கார்ப்பர் என்ற அமெரிக்கச் செவிலியர். 1978-ல் வெளியான ஒரு கட்டுரையில், செவிலியர் ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகள் நான்கு என்றார். ஆய்வுகளிலிருந்து வரும் அறிவு ஒன்று. இந்த நோயாளிக்கு இந்த நேரத்தில் என்ன தேவை என்று முழுமையாகப் பார்த்துச் செய்யும் கலையறிவு இன்னொன்று. தன்னை அறிந்து, எதிரில் இருப்பவரையும் ஒரு மனிதராகவே அறிவது மூன்றாவது. எது செய்யத் தக்கது என்ற அறநெறி அறிவு நான்காவது.

பரீட்சையில் இந்த நான்கையும் வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். வார்டில் இவை வரிசையாக வராது. சர்க்கரை நோயால் கால் புண்ணான ஒருவருக்கு டிரெஸ்ஸிங் செய்கிறீர்கள். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது முதல் வகை. பழைய பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும்போது சலைனை ஊற்றி ஊற வைத்து, அவரிடம் பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வலிக்காமல் எடுக்கும் பதம் இரண்டாவது. அந்த வாடைக்கு உங்கள் முகம் சுளிப்பதை நீங்களே கவனிப்பதும், அவர் அதைப் பார்த்துக் கூசிப்போவதை உணர்வதும் மூன்றாவது. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அவரோ உங்களிடம் "ஆறிடும்ல சிஸ்டர்?" என்கிறார். அங்கே நான்காவது வந்து நிற்கிறது. பத்து நிமிட வேலைக்குள் நான்கும் இருக்கின்றன.

அந்த நான்கோடு முடிந்துவிட்டதா?

இல்லை. ஜில் வைட் 1995-ல் சமூக, அரசியல் அறிவையும் சேர்க்க வேண்டும் என்றார். நோயாளி எந்தச் சூழலிலிருந்து வருகிறார், செவிலியர் சொல்லுக்கு அந்த மருத்துவமனையில் என்ன மதிப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு இது மிகச் சரி என்று படுகிறது. இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறோம். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்கிறோமா?

அனுபவமுள்ள சிஸ்டர்கள் "என்னவோ சரியில்லை" என்கிறார்களே, அது அறிவா, வெறும் பயமா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், ஐம்பது வயதுக்காரர் ஒருவர். இரவு பதினொரு மணிக்கு நாடி, பி.பி., காய்ச்சல் எல்லாம் பார்த்து எழுதினேன், கவலைப்பட எதுவும் இல்லை. என்னோடு இருந்த மூத்த சிஸ்டர் அவர் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். நோயாளி போர்வை ஓரத்தை விரலால் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். மனைவி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் கழித்து "ம்" என்றார். முந்தைய நாள் எல்லாரையும் விசாரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். சிஸ்டர் டூட்டி டாக்டருக்கு போன் செய்தார். "வைட்டல்ஸ் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, காலையில பார்க்கலாம்" என்று பதில் வந்தது. விடிவதற்குள் பி.பி. இறங்கி, வயிற்றுக்குள் தையல் விட்டுக் கிருமி ரத்தத்தில் கலந்தது தெரிந்தது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. மைக்கேல் போலன்யி என்ற சிந்தனையாளர் இதைத்தான் பேசினார்: நாம் சொல்லக்கூடியதைவிட அதிகமாக நமக்குத் தெரியும். கூட்டத்தில் தெரிந்த முகத்தை உடனே கண்டுகொள்கிறோம், எதை வைத்து என்று கேட்டால் திணறுகிறோம். பட்ரிஷியா பென்னர் 1984-ல் எழுதிய நூலில் செவிலியர் புதியவராக இருந்து நிபுணராவது வரை ஐந்து படிகளைக் காட்டினார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நிபுணர் முழுச் சூழலையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறார். இந்தப் படிகளை அவர் டிரைஃபஸ் சகோதரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார், அவர்களில் ஹியூபர்ட் டிரைஃபஸ் ஒரு தத்துவப் பேராசிரியர். ஆக இன்று நர்சிங் கல்லூரிகளில் சொல்லித்தரும் ஐந்து படிகளுக்கு அடியில் தத்துவம்தான் இருக்கிறது.

இதற்கு நடைமுறை மதிப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990-ல் அவசரக் குழு முறை ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளி மோசமாகும் முன்பே வார்டிலிருந்து அந்தக் குழுவை அழைக்கலாம். நாடி இத்தனைக்கு மேல், மூச்சு இத்தனைக்குக் கீழ் என்ற எண்களைப் போலவே, 'பார்த்துக்கொள்பவருக்குக் கவலையாக இருக்கிறது' என்பதும் இப்படிப்பட்ட குழுக்களை அழைக்கப் போதுமான காரணமாகப் பட்டியலில் இடம்பெற்றது. அன்றிரவு எங்கள் வார்டில் அப்படி ஒரு வரி இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்படியானால் அனுபவசாலி சொன்னால் அப்படியே நம்பிவிடலாமா?

கூடாது. எங்களுக்கு 'பேக் கேர்' சொல்லித்தந்தபோது, படுக்கையிலேயே இருப்பவர் முதுகில் ஸ்பிரிட் தடவி, அழுத்தமான இடங்களை நன்றாகத் தேய்த்து, பவுடர் போடச் சொன்னார்கள். பல தலைமுறைச் சிஸ்டர்கள் அன்போடும் நம்பிக்கையோடும் செய்த வேலை அது. இன்றைய வழிகாட்டுதல்கள் புண் வரக்கூடிய இடத்தை அழுத்தித் தேய்க்காதே என்கின்றன. ஏற்கனவே ரத்த ஓட்டம் நலிந்த திசு, தேய்த்தால் இன்னும் சேதமாகும். ஸ்பிரிட் தோலை வறட்டும். நானும் தேய்த்திருக்கிறேன். யாருக்கெல்லாம் கெடுதல் செய்தேனோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆய்வுச் சான்று ஒன்றே போதும் என்று சொல்லிவிடலாமே?

ஆய்வு சராசரியைச் சொல்லும். நூறு பேரில் பெரும்பாலானோருக்கு எது பலன் தந்தது என்று அது சொல்வது மிகப் பெரிய விஷயம். ஏழாம் நம்பர் கட்டிலில் இருப்பவர் அந்தப் பெரும்பாலானோரில் ஒருவரா என்பதை அது சொல்லாது. அதற்கு அவரைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிருமியால் நோய் தொற்றுகிறது என்ற கருத்தை வைத்து 1859-ல் தன் நூலை எழுதவில்லை. அசுத்தமும் கெட்ட காற்றும்தான் நோய்க்குக் காரணம் என்று நம்பினார். ஆனால் ஜன்னலைத் திற, துணியை மாற்று, கையைக் கழுவு என்று அவர் சொன்னது பலன் தந்தது. விளக்கம் பிழை, செயல் சரி. இதற்கு நேர்மாறாக, விளக்கம் அழகாக இருந்து செயல் தவறாகப் போவதும் உண்டு. அதனால்தான் 'ஏன் பலிக்கிறது' என்பதையும் 'பலிக்கிறதா' என்பதையும் தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டும்.

நோயாளி வலிக்கிறது என்கிறார், பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நம்புவதா?

நம்புங்கள். வலி என்பது அதை அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுதான், அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது என்று மார்கோ மெக்காஃபரி என்ற செவிலியர் 1968-ல் வரையறுத்தார். வலியை வெளியிலிருந்து அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது. உள்ளிருப்பவர் வார்த்தைதான் ஆதாரம்.

நம் ஊரில் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் நம் ஆயாக்கள் எண் சொல்ல மாட்டார்கள். "பரவால்ல கண்ணு, நீ அந்தப் பையனைப் பாரு" என்பார்கள். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கை மட்டும் வெளுத்திருக்கும். அப்போது சொல்லைவிடக் கையை நம்ப வேண்டும். வலியைச் சொல்வதே பாரம் கொடுப்பது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். "ராத்திரி புரண்டு படுக்க முடிஞ்சுதா ஆயா?" என்று கேட்டால் உண்மை வரும்.

ஒருவர் யார் என்பதாலேயே அவர் சொல் எடுபடாமல் போவதை மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007-ல் அறிவு சார்ந்த அநீதி என்று பெயரிட்டு விளக்கினார். பிரசவ வார்டில் "சும்மா கத்தாதே" என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது நடப்பது அதுதான். டூட்டி டாக்டர் மூத்த சிஸ்டரின் கவலையைத் தள்ளிவிட்டபோது நடந்ததும் அதுதான். நமக்கு நடக்கும்போது வலிக்கிறது, நாம் நோயாளிக்குச் செய்யும்போது கவனிப்பதில்லை.

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்கிறார்கள். என்ன செய்வது?

இதற்கு ஒரே வரியில் பதில் தருபவரை நம்பாதீர்கள். மருத்துவ அறநெறியில் நான்கு கோட்பாடுகள் சொல்வார்கள்: நோயாளியின் சுயமுடிவை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. பீச்சம்ப், சில்ட்ரஸ் இருவரும் 1979-ல் வகுத்தவை. இங்கே முதல் மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மகன் கெட்டவர் இல்லை, அப்பா உடைந்துவிடுவார் என்று பயப்படுகிறார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், வலியப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அவரிடமே கேட்பேன்: "உங்க உடம்பைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா அய்யா, இல்ல மகன்கிட்ட பேசிக்கட்டுமா?" சிலர் மகனிடமே பேசச் சொல்லிவிடுவார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். சிலர் மெதுவாக, "எனக்குத் தெரியும்மா, எனக்குத் தெரியாதுன்னு அவன் நினைச்சுட்டு இருக்கான்" என்பார்கள். அப்புறம் டாக்டரையும் மகனையும் உட்காரவைத்துப் பேச வழி பிறக்கும்.

எது சரி என்று தெரிந்தும் நிறுவனம் செய்யவிடாதபோது வரும் வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984-ல் அறநெறி வேதனை என்று பெயர் வைத்தார். வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரளும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரை நான் அவசியம் சொல்வேன். தங்கள் பலவீனம் என்று நினைத்ததற்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டா?

அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர். 1973 நவம்பர் 27-ம் தேதி அங்கேயே வேலை பார்த்த ஒருவன் அவரைச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல், அன்றிலிருந்து 2015 மே 18-ல் இறக்கும் வரை 41 வருடத்துக்கும் மேல் அதே மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த செவிலியர்கள், தலைமுறை தலைமுறையாக. அத்தனை வருடத்தில் அவருக்குப் படுக்கைப் புண் வரவிடவில்லை என்று மருத்துவமனை நீதிமன்றத்தில் சொன்னது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை ஆயிரம் இரவுகள் இருக்கின்றன என்று தெரியும்.

அவரை இயற்கையாக இறக்கவிட வேண்டும், உணவு தருவதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அதுவும் அருணா மீதான அக்கறையில்தான். செவிலியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7-ம் தேதி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அருணாவின் சார்பில் பேசத் தகுந்த நெருங்கிய நண்பர் யார் என்ற கேள்விக்கு, இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட கே.இ.எம். ஊழியர்கள்தான் என்றது. அதே தீர்ப்பு, உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு உயர் நீதிமன்ற அனுமதியோடு வழி திறந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் உரிமையே என்று சொல்லி, முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது.

கழுவி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கு ஒருவரைப் பற்றித் தெரியும் என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செவிலியராக அது எனக்குப் பெருமை. ஆனால் வகுப்பில் நான் அடுத்த கேள்வியையும் கேட்பேன். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிவதும், அவர் வாழ விரும்பினாரா என்று தெரிவதும் ஒன்றா? நம் அன்பே நம் கண்ணை மறைத்திருக்கலாமா? ஒவ்வொரு வருடமும் வகுப்பு இரண்டாகப் பிரியும். நானும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம்மிடம் எதுவும் இல்லையா?

குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள், 950-வது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கிறது. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருப்பவர், அதாவது நாம். பரிமேலழகர் உரையில் அவருக்கு நான்கு தகுதிகள் வருகின்றன: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்த் தூய்மை, சொல்லியதை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை.

கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சொன்னதைச் செய்தால் மட்டும் போதும் என்றால் அறிவுடைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லையே. மருந்துச் சீட்டில் 2.5 மில்லிகிராம் என்பதற்குப் பதில் 25 என்று இருந்தால், அவ்வாறே செய்வதா, நிறுத்திக் கேட்பதா? இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று உரைகாரர் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே ஆளாக முழு வார்டையும் பார்க்கிறேன். யோசிக்க நேரம் எங்கே?

நியாயமான கோபம். ஆள் பற்றாக்குறையைத் தத்துவத்தால் ஈடுகட்ட முடியாது, அதற்கு ஆள் போட வேண்டும். அதைக் கேட்பதும் உங்கள் அறநெறிக் கடமைதான். ஆனால் நான் சொல்வது கூடுதல் வேலை இல்லை. ஏற்கனவே தொடும் கையால் சூட்டையும் பாருங்கள், ஏற்கனவே கேட்கும் கேள்வியை வேறு மாதிரிக் கேளுங்கள், அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

நைட்டிங்கேலின் அந்த 1859 நூலில் நோயாளியைக் கவனிப்பது பற்றிய பகுதியிலிருந்து. "நன்றாகத் தூங்கினாரா?" என்று கேட்காதே, எத்தனை மணி நேரம், இரவில் எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேள் என்கிறார். ஒருவர் பத்து மணி நேரம் விழிக்காமல் தூங்காவிட்டாலே அதைக் கெட்ட இரவு என்பார், இன்னொருவர் இடையிடையே கண்ணயர்ந்திருந்தாலே அப்படிச் சொல்ல மாட்டார்.

அதை நாளைக் காலை டூட்டி மாறும்போது, அடுத்த சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் செய்து பாருங்கள். "ஏழாம் பெட் என்னவோ சரியில்ல" என்று சொல்லி நிறுத்தாமல், "நேத்து எல்லார்கிட்டயும் பேசினார், இன்னிக்கு ராத்திரி பதினொன்னுல இருந்து கேட்டதுக்கு மட்டும் ம்ங்கறார், போர்வையைப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்கறார், நாடி 84-ல இருந்து 98 ஆயிருக்கு" என்று சொல்லுங்கள். கேஸ் ஷீட்டிலும் அதையே, நேரத்தோடு எழுதுங்கள்.